சதுரங்க மன்னர் மும்மடி கிருஷ்ணராஜர்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளி என்னும் ஊர் இருக்கிறது. இன்று அவ்வழியே போகிறவர்களின் கண்ணில் சிப்காட் தொழிற்பேட்டையும், இரவு பகலென்று பாராமல் ஓடும் லாரிகளுமே முதலில் படும். ஆனால் இந்தப் பிரதேசம் ஒரு காலத்தில் ராஜ்யங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட எல்லைப்புறமாகும். 1792-ம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் திப்பு சுல்தான் தமது ராஜ்யத்தில் பாதியை இழந்தார். அப்போது கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. ஓசூரைச் சேர்ந்த மேட்டுநிலமோ திப்புவிடமே நின்றது. ஆகவே ஏழு வருஷ காலம் இவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவேதான் இரண்டு அரசாங்கங்களின் எல்லை ஓடிக்கொண்டிருந்தது. 1799-ல் திப்பு போர்க்களத்தில் மடிந்த பிறகு ஓசூரும் கும்பினிக்குப் போயிற்று. மிகுந்ததிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு, மைசூர் சமஸ்தானம் என்ற பெயரோடு ஐந்து வயதுகூட நிறையாத ஒரு குழந்தைக்கு அளிக்கப்பட்டது. அந்தக் குழந்தையின் சரித்திரத்தையே இங்கே சொல்லப் புகுகிறோம்.

எல்லை மாறினாலும் எல்லைப்புறத்து ஜனங்களின் பழக்கங்கள் மாறிவிடுவதில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் இந்த வட்டாரத்தில் ஒரே ஆட்டத்துக்கு மூன்று பெயர்கள் உண்டு. நாம் ஆடுபுலி ஆட்டம் என்கிறோம். தெலுங்கர் புலி மேக்கா என்கிறார்கள். கன்னடியர் ஆடு ஹுலி என்கிறார்கள். பாறையிலோ கோயில் மண்டபத் தரையிலோ கீறிய கோடுகளின் மேல் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும் அந்த ஆட்டத்தில் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடு புலியை வெட்டுவதே இல்லை. ஆயினும் ஆடுகள் ஒன்றுக்கொன்று துணை நின்று, புலி நகர இடமில்லாமல் கட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. புலி சாகவில்லை, காயம்கூட அடையவில்லை, அடுத்த புள்ளிக்குப் போக வழியில்லை, அவ்வளவுதான். மும்மடி கிருஷ்ணராஜ உடையாருடைய வாழ்க்கையின் பிற்பாதி அப்படிப்பட்டதாகவே இருந்தது.

அவர் 1794-ம் வருஷம் ஜூலை மாதம் 14-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிறந்தார். உடையார் வமிசத்தினர் பெயருக்கு ராஜாக்களாகவும் உண்மையில் கைதிகளாகவும் இருந்த காலம் அது. தந்தையாகிய சாமராஜ உடையார் 1796-ல் காலமானார். அதன் பின் பெயருக்குக்கூட ஒருவருக்குப் பட்டம் கட்டத் திப்பு இசையவில்லை. அரண்மனையிலிருந்த பொருள்கள் பறிக்கப்பட்டு, அரச குடும்பத்தினர் எளிய ஜாகை ஒன்றில் வைக்கப்பட்டனர். குழந்தைக்குப் பாட்டி முறையாகிய மகாராணி லக்ஷ்மம்மண்ணி அபார உறுதியுடையவர். ஹைதர் காலத்திலிருந்தே இங்கிலீஷ்காரரோடு ரகசியமாகக் கடிதப் போக்குவரத்து நடத்தி, வமிசத்தின் உரிமையை மீட்க முயன்றுகொண்டிருந்தார். அந்நியனைத் துணைக்கழைத்து அரசை மீட்க நினைத்தது சரியா தவறா என்பதை இன்று நாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது எளிது. சிறையிலிருந்த அந்த அம்மாளுக்கு வேறு வழி தோன்றவில்லை என்பது மாத்திரம் நிச்சயம். அந்தத் துணைக்கு அவருடைய பேரன் கொடுக்க நேர்ந்த விலை என்ன என்பதைப் பின்னால் காண்போம்.

1799-ம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. ராஜ்யத்தைப் பங்கு போட ஏற்படுத்திய கமிஷனுக்குக் காரியதரிசிகளாக அமர்ந்த இருவரில் ஒருவர், நமது பாராமகாலில் கர்னல் ரீடின் கீழ் நில அளவையும் தீர்வை விதிப்பும் செய்து பழகிய தாமஸ் மன்றோ. ஜூன் 30-ந் தேதி மைசூரில் போட்ட பந்தலில் குழந்தை ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்தது. பட்டாபிஷேகம் முடிந்த கையோடு உடன்படிக்கையும் முடிந்தது. சமஸ்தானத்தின் பாதுகாப்புக்கென்று வைக்கும் கும்பினிப் பட்டாளத்துக்காக வருஷந்தோறும் 7 லக்ஷம் வராகன் கட்ட வேண்டியது; அந்தத் தொகை நின்றுபோகும் என்று கவர்னர் ஜெனரல் அஞ்சினால், ராஜ்யத்தின் எந்தப் பகுதியையும் அவர் தம் நிர்வாகத்தில் எடுத்துக்கொள்ளலாம். தொகை நின்றால் என்பதல்ல, நிற்கும் என்று அஞ்சினால் என்பதே ஷரத்து. அச்சத்துக்கு அளவுகோல் ஏது? முப்பத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு அடிக்கப்போகும் அடிக்கு வேண்டிய தடி அன்றே வெட்டி வைக்கப்பட்டுவிட்டது.

ராஜா மைனராயிருந்த காலத்தில் திவான் பூர்ணையாவே ராஜ்யத்தை நடத்தினார். ஹைதரிடத்திலும் திப்புவினிடத்திலும் பெரும் பதவி வகித்து, மூன்றாவது எஜமானனிடத்திலும் அதே செல்வாக்கோடு நிலைத்த அந்த மனிதரின் சாமர்த்தியத்தை வர்ணிக்கத் தனிக் கட்டுரை வேண்டும். ஏரிகளையும் கால்வாய்களையும் செப்பனிட்டார்; பொக்கிஷத்தில் கோடிக்கணக்கான ரூபாய் சேர்த்து வைத்தார்; இளைஞரான ராஜாவிடம் அதிகாரத்தை ஒப்படைக்க மாத்திரம் மனமில்லாமல் தயங்கினார். ஒப்படைத்து விலகிய சிறிது காலத்திலேயே, 1812-ல் காலமானார்.

பதினாறு வயதில் அதிகாரம் கைக்கு வந்தது. நிறைந்த பொக்கிஷமும் கூடவே வந்தது. இவ்விடத்தில் சரித்திரக்காரன் முகஸ்துதி செய்வது அழகல்ல. கிருஷ்ணராஜர் ஸம்ஸ்கிருதம், கன்னடம், பாரசீகம், மராத்தி முதலிய பாஷைகளில் பழக்கமுடையவர், சங்கீதத்தில் உயிர் வைத்தவர், கொடையாளி. தஞ்சாவூர் நால்வரில் ஒருவரான சின்னையா மைசூர் ஆஸ்தானத்தை அடைந்து ஆதரவு பெற்றது இவரிடத்தில்தான். ஆனால் கொடுப்பதற்குக் கணக்குப் பார்க்கத் தெரியாத கை, அடுத்தாற்போல் குடியானவனுடைய மடியில் நீள்வதுதான் உலக வழக்கம். பூர்ணையா சேர்த்தது சில வருஷங்களில் கரைந்தது. அமில்தார்கள் இத்தனை வசூல் செய்து தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துத் தாலூகாக்களைப் பிடித்துக்கொள்ளும் ஷரத்து முறை பரவிற்று. வாக்குக் கொடுத்தவன் தன் லாபத்தையும் சேர்த்துத்தானே கசக்குவான்? தானியத்தின் விலையோ விழுந்துகொண்டிருந்தது. 1825-ல் சென்னைக் கவர்னராயிருந்த அதே மன்றோ மைசூருக்கு வந்து, நிர்வாகம் சீர்ப்படாவிட்டால் 1799-ம் வருஷத்து ஷரத்தின்படி கும்பினி கையிட நேரும் என்று ராஜாவை எச்சரித்துவிட்டுப் போனார். அந்த ஷரத்தை எழுதிய காலத்தில் பக்கத்திலிருந்த மனிதர் அல்லவா அவர்! எச்சரிக்கை பலிக்கவில்லை.

1830-ல் நகர் பிரதேசத்துக் குடியானவர்கள் கூட்டங்கூட்டமாகத் திரண்டு, வரி கட்ட மறுத்து எழுந்தார்கள். பழைய நாயக்கர் வமிசத்தின் வாரிசு என்று சொல்லிக்கொண்ட பூதி பசவப்பா அவர்களுக்குத் தலைவனானான். அந்தக் கிளர்ச்சியில் பாளையக்காரரின் சுயநலம் கலந்திருந்தது உண்மைதான். என்றாலும் அடிப்படையில் அது வயிறு காய்ந்தவனின் கிளர்ச்சி. அதை அடக்கக் கும்பினிப் பட்டாளமே வரவேண்டியதாயிற்று. வந்த பட்டாளத்தோடு கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபுவின் கடிதமும் வந்தது. 1831-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ராஜ்யம் முழுவதையும் கும்பினியார் தம் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டார்கள். ராஜாவுக்கு வருஷத்துக்கு ஒரு லக்ஷம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டன. கச்சேரிகள் பெங்களூருக்குப் போயின. மைசூரில் அரண்மனை நின்றது. அதற்குள் முப்பத்தேழு வயதுள்ள ராஜா நின்றார்.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராஜாவின் ஆட்சியில் குற்றங்கள் மலிந்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றை விசாரிக்க நியமித்த கமிட்டி, முதலில் பரப்பப்பட்ட சேதிகளில் மிகைப்பாடு இருந்ததென்றே கண்டது. பெண்டிங்க் பிரபுவுக்கே பிறகு தாம் செய்தது நியாயந்தானா என்று ஐயம் பிறந்தது. 1834-ல் மைசூருக்கு நேரில் வந்து பார்த்துவிட்டு, ராஜ்யத்தில் ஒரு பகுதியையாவது ராஜாவுக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று சீமைக்கு எழுதினார். டைரக்டர்கள் சம்மதிக்கவில்லை. தவறென்று தெரிந்த பிறகும் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காதவர்கள், எடுத்தது குடியானவனின் நன்மைக்காக என்று சொன்னால் அதை எந்த அளவுக்கு நம்புவது?

இனி அவருடைய ஆட்டங்களுக்கு வருவோம்.

சதுரங்கம் நமது தேசத்தில் பிறந்து, பாரசீகம் சென்று, அரபியர் கையில் ஐரோப்பாவை அடைந்த ஆட்டம் என்பதை உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அரசன், மந்திரி, யானை, குதிரை, தேர், காலாள் என்று ஒரு சேனையையே அறுபத்துநான்கு கட்டங்களுக்குள் அடக்கி, அதிர்ஷ்டத்துக்கு இடமில்லாமல், இருவருடைய புத்தியை மாத்திரம் எதிரெதிரே நிறுத்துவது அதன் பெருமை. பகடையில் தருமபுத்திரரும் தோற்றார். அதற்குக் காயின் மேல் பழி போட இடமுண்டு. சதுரங்கத்தில் தோற்றவனுக்கு அந்த ஆறுதல்கூடக் கிடையாது. சேனையைப் பறிகொடுத்த கிருஷ்ணராஜர் இந்தச் சேனையைப் பற்றிக்கொண்டார். பொழுதுபோக்காக அல்ல, ஒரு சாஸ்திரமாகவே அதை ஆராய்ந்தார்.

அவருடைய மனத்தை அதிகமாகக் கவர்ந்தது குதிரை. அது நேராகப் போவதில்லை. இரண்டு கட்டம் நேரே சென்று ஒரு கட்டம் பக்கத்தில் திரும்பும். அந்தக் கோணல் நடையில், ஒரு கட்டத்தையும் விடாமல், ஒன்றையும் இரண்டாம் தரம் மிதிக்காமல், பலகை முழுவதையும் சுற்றிவரச் செய்வது ஒரு பழைய புதிர். சுற்றி முடித்தபின் அடுத்த தாவலில் புறப்பட்ட கட்டத்தையே அடைய வேண்டுமென்றால் இன்னும் கடினம். இது ஐரோப்பியர் நமக்குக் கற்றுக்கொடுத்ததல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர் தமது அலங்கார நூலில் துரகபதம் என்று இதைக் கவிதைக்குள் கொண்டுவந்தார். நமது காஞ்சீபுரத்துத் தூப்புலில் அவதரித்த வேதாந்த தேசிகர் பாதுகா ஸஹஸ்ரத்தில், ஒரு சுலோகத்தின் எழுத்துக்களைக் கட்டங்களில் வைத்துக் குதிரைத் தாவலாகப் படித்தால் அடுத்த சுலோகம் வரும்படி அமைத்தார். ஐரோப்பாவில் ஆய்லர் என்ற மகா கணித நிபுணர் இதே புதிரை எடுத்து ஆராய்ந்தது பதினெட்டாம் நூற்றாண்டில்தான்.

இந்தப் பரம்பரையில் வந்த கிருஷ்ணராஜர் குதிரைச் சுற்றுக்களைப் பலவாறாக அமைத்தார். அவற்றில் மிகவும் வியக்கத்தக்க வகை ஒன்று உண்டு. குதிரை மிதிக்கும் முதற் கட்டத்தில் 1, அடுத்ததில் 2 என்று 64 வரையில் எண்ணிட்டுக்கொண்டே போகவேண்டும். சுற்று முடிந்ததும் இடமிருந்து வலமாக எந்த வரிசையைக் கூட்டினாலும், மேலிருந்து கீழாக எந்த வரிசையைக் கூட்டினாலும் 260 வரவேண்டும். ஒன்று முதல் அறுபத்துநான்கு வரை உள்ள எண்களின் கூட்டுத்தொகை 2,080. அதை எட்டு வரிசைக்குப் பங்கிட்டால் 260 என்பது பள்ளிப் பிள்ளையும் போடும் கணக்கு. அந்தக் கணக்குக்குக் குதிரையை இணங்க வைப்பதுதான் ஆகாத காரியம். ஐரோப்பாவில் பெவர்லி என்பவர் 1848-ல் இதைச் சாதித்துப் பேர் பெற்றார். மைசூர் அரண்மனையில் அதிகாரமிழந்து உட்கார்ந்திருந்த ராஜாவும் இத்தகைய சுற்றை அமைத்தார். மூலைக்கு மூலை கூட்டினாலும் அதே தொகை வருமா என்பதை நூற்றைம்பது வருஷ காலம் பலர் தேடினார்கள். எட்டுக்கெட்டுப் பலகையில் அப்படி ஒரு சுற்று இருக்கவே முடியாது என்று 2003-ம் வருஷத்தில் கம்ப்யூட்டர் யந்திரங்களைப் பல நாள் ஓட்டிக் கண்டார்கள். யந்திரத்துக்கு அவ்வளவு வேலை வைத்த காடு அது. அதற்குள் மையும் காகிதமும் கொண்டு புகுந்து மீண்டவரை வெறும் சோம்பேறி ராஜா என்று தள்ளிவிட முடியுமா?

சதுரங்கத்தோடு அவர் நிற்கவில்லை. கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டாட்டத்தை விரித்து, முந்நூற்றறுபது சீட்டுகள் வரை கொண்ட புதுப் புது ஆட்டங்களைக் கற்பித்தார். ஒன்றுக்குத் தமது குலதெய்வமான சாமுண்டேசுவரியின் பெயரைச் சூட்டினார். ஸ்ரீதத்வநிதி என்ற பெருநூலைச் சித்திரங்களோடு தொகுப்பித்தார். அதன் ஒன்பது நிதிகளில் ஒன்றாகிய கௌதுகநிதி இந்த ஆட்டங்களைப் பற்றியது. தேவதைகளின் தியான சுலோகங்களும் கிரகங்களும் ஆகமங்களும் இடம்பெற்ற நூலிலேயே ஆட்டத்துக்கும் ஓர் இடம் கொடுத்ததிலிருந்து அவர் அதை எவ்வளவு உயர்வாகக் கருதினார் என்பது விளங்கும். 1833-ல் மைசூரில் இங்கிலீஷ் பாடசாலை ஒன்றை ஏற்படுத்தினார். பிற்காலத்து மகாராஜா கல்லூரிக்கு வித்து அதுவே. பெரிய அதிகாரம் போன பிறகு சிறிய காரியங்களைச் செவ்வையாகச் செய்யக் கற்றுக்கொண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் பலகைக்கு முன் உட்கார்ந்தவர் பெரிய ஆட்டத்தை மறந்துவிட்டார் என்று எண்ணுவது தவறு. இங்கேதான் இந்த மனிதரிடம் நமக்கு உண்மையான மதிப்பு உண்டாகிறது. ராஜ்யத்தைத் திருப்பித் தரும்படி அவர் விண்ணப்பத்தின் மேல் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டே இருந்தார். பெண்டிங்க் போனார், ஆக்லண்ட், எல்லன்பரோ, ஹார்டிங் வந்து போனார்கள். கமிஷனர் மார்க் கப்பன் மாத்திரம் பெங்களூரில் இருபத்தேழு வருஷம் அசையாமல் இருந்தார். அப்புறம் வந்தவர் டல்ஹௌஸி. வாரிசில்லாத சமஸ்தானங்களை விழுங்குவதையே ராஜதந்திரமாகக் கொண்ட அவர், ஸதாராவையும் ஜான்சியையும் நாகபுரியையும் விழுங்கினார். ராஜாவுக்கு ஔரஸ புத்திரன் இல்லையாகையால் அவர் காலத்துக்குப் பின் மைசூரும் கும்பினிக்கே சேரும் என்று 1856-ல் எழுதி வைத்துவிட்டுக் கப்பலேறினார். ஆட்டத்தில் இனி நகர ஒரே ஒரு கட்டந்தான் மீதி. அதையும் அடைத்தாயிற்று என்று கல்கத்தாவில் எண்ணினார்கள்.

மறுவருஷமே 1857 வந்தது. வடக்கே தேசம் தீப்பற்றி எரிந்தபோது கிருஷ்ணராஜர் இங்கிலீஷ்காரர் பக்கமே நின்றார். ஜான்சி ராணியின் வீரத்தைப் போற்றும் நமக்கு இது கசப்பான செய்திதான். கசப்பென்பதற்காக மறைக்கக்கூடாது. அவரிடம் பட்டாளமில்லை, பணமில்லை, சுற்றிலும் கும்பினி முகாம்கள் இருந்தன. நன்றிக் கடிதத்தை அவருக்கு அனுப்பிய கானிங் பிரபு, ராஜ்யத்தைக் கேட்டபோது 1862-ல் கையை விரித்தார். நன்றிக்கும் நியாயத்துக்கும் அந்த ஸர்க்காரின் கணக்குப் புத்தகத்தில் வெவ்வேறு பக்கங்கள்.

எழுபது வயதை எட்டியவர் அப்போதுதான் தமது வாழ்க்கையிலேயே சிறந்த காயை நகர்த்தினார். 1865-ம் வருஷம் ஜூன் மாதத்தில், ஸர்க்காரின் அநுமதிக்குக் காத்திராமல், இரண்டு வயதுக் குழந்தையான சாமராஜேந்திரரைச் சாஸ்திரப்படி சுவீகாரம் செய்துகொண்டார். சுவீகாரம் செல்லாது என்று கவர்னர் ஜெனரல் லாரன்ஸ் மறுத்தார். ராஜா கல்கத்தாவோடு நில்லாமல் சீமையில் தம் கட்சியை நடத்த ஆள் நியமித்தார். ஈவன்ஸ் பெல் என்ற இங்கிலீஷ் உத்தியோகஸ்தர் மைசூர் உரிமையைப் பற்றி ஒரு புஸ்தகமே எழுதி வெளியிட்டார். பார்லிமெண்டில் விவாதம் எழுந்தது. பத்திரிகைகள் பேசின. முடிவில் 1867-ல் இந்தியா மந்திரியான ஸர் ஸ்டாபோர்ட் நார்த்கோட் சுவீகாரத்தை அங்கீகரித்தார். குழந்தை வயது வந்தபின் ராஜ்யம் அவனுக்கே உரியது என்று தீர்ப்பாயிற்று. ஸதாராவுக்கும் நாகபுரிக்கும் கிடைக்காதது மைசூருக்குக் கிடைத்தது. முப்பத்தாறு வருஷம் கட்டுண்டு கிடந்த புலி ஒரு புள்ளி நகர்ந்தது.

தாம் மறுபடி ஆளப்போவதில்லை என்று கிருஷ்ணராஜர் அறிந்திருந்தார். 1868-ம் வருஷம் மார்ச் மாதம் 27-ந் தேதி, எழுபத்துமூன்றாவது வயதில் மைசூரில் காலமானார். அவர் விட்டுச் சென்ற அரண்மனைக் கணக்குகளையும் கடன்களையும் சீர்படுத்தச் சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்டவர் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ரங்காசார்லு. 1881-ம் வருஷம் மார்ச் மாதம் 25-ந் தேதி, ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு ராஜ்யம் சாமராஜேந்திரரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டபோது ரங்காசார்லுவே திவானானார். அதே வருஷம் அக்டோபர் மாதத்தில், குடியானவர்களும் வியாபாரிகளும் வந்தமர்ந்து குறைகளை நேரில் சொல்லும் பிரதிநிதி சபையை அவர் கூட்டினார். நகர் குடியானவர்கள் 1830-ல் ஆயுதமெடுத்துச் சொன்னதைச் சொல்ல அவர்களுடைய பேரன்மாருக்கு ஒரு மண்டபம் கிடைத்தது.

மைசூரில் கிருஷ்ணராஜர் 1861-ல் கட்டுவித்த ஜகன்மோகன அரண்மனை இப்போது சித்திரசாலையாக விளங்குகிறது. அதன் மேல்மாடியிலுள்ள ரங்கமஹாலின் சுவர்களில் அவர் விரும்பிய ஆட்டப் பலகைகளைச் சித்திரக்காரர் கட்டம் கட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஓசூரிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் போதும்.